கேம் கியரை எவ்வளவு திருப்பலாம்? – வாசகர் கேள்வி பதில்

வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டின் முனையில் அமர்ந்து, அதன் கோணத்தைச் சற்று முன்பின் மாற்ற உதவும் பல்சக்கரமான அட்ஜஸ்டபிள் கேம் கியர் பற்றிப் பல கடிதங்கள் சேர்ந்துவிட்டதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என்னுடையது இரட்டைக் கேம்ஷாஃப்ட் கொண்ட 1600 சி.சி. பெட்ரோல் இன்ஜின், டர்போ இல்லை. சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பை அரை மில்லிமீட்டர் ஸ்கிம் செய்து (சீவி எடுத்து), டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் கால அளவு) கூடுதலான கேம்ஷாஃப்ட்டுகளையும் அட்ஜஸ்டபிள் கேம் கியர்களையும் பொருத்தியிருக்கிறேன். இரண்டு கியர்களும் பூஜ்ஜியக் கோட்டில்தான் நிற்கின்றன. ஆனால் 3500 ஆர்.பி.எம். வரை வண்டியில் இழுவையே இல்லை. ஐட்லிங்கும் ஏறி இறங்குகிறது. இதே இன்ஜின் வைத்திருக்கும் என் நண்பர் இன்டேக் கேமை 2 டிகிரி அட்வான்ஸிலும் (முன்னதாகத் திறக்கும்படி) எக்ஸாஸ்ட் கேமை 3 டிகிரி ரிடார்டிலும் (தாமதமாகத் திறக்கும்படி) வைத்திருக்கிறார். நானும் அப்படியே வைக்கலாமா?

பதில்: வைக்க வேண்டாம். இன்டேக்கை முன்னால் தள்ளினாலும் எக்ஸாஸ்ட்டைப் பின்னால் தள்ளினாலும், இரண்டு வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கும் ஓவர்லாப் நேரம் கூடத்தான் செய்யும். உங்கள் நண்பரின் செட்டிங் இரண்டையும் ஒன்றாகச் செய்கிறது. ஏற்கெனவே நீண்ட டியூரேஷன் கேம்களால் ஓவர்லாப் மிகுந்து ஐட்லிங் தடுமாறும் இன்ஜினில் அதைப் போட்டால், தடுமாற்றம் இன்னும் அதிகமாகும்.

அதைவிட முக்கியமானது, அவருடைய பூஜ்ஜியமும் உங்களுடைய பூஜ்ஜியமும் ஒரே இடத்தில் இல்லை என்பது. கியரின் பூஜ்ஜியக் கோடு, பல் இருக்கும் வெளிவட்டமும் கேம்ஷாஃப்ட்டில் அமரும் உள்பகுதியும் நேராக நிற்கின்றன என்பதை மட்டுமே காட்டும்; பிஸ்டன் எங்கே இருக்கும்போது வால்வு முழுதாகத் திறக்கிறது என்பதை அது காட்டாது. ஹெட்டை ஸ்கிம் செய்தால் கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்கை நோக்கி அந்த அளவு கீழிறங்குகிறது. இரண்டையும் இணைக்கும் பெல்ட்டை இறுக்கிவைக்கும் டென்ஷனர், அதன் தளர்வான பக்கத்தில் இருப்பதால், இழுக்கும் பக்கத்தில் குறைந்த நீளத்தை ஈடுகட்ட கேம் சற்றுப் பின்தங்கித் திரும்பிக்கொள்கிறது. 8 மில்லிமீட்டர் இடைவெளியில் 48 பற்கள் கொண்ட கேம் கியரை எடுத்துக்கொண்டால், அதன் ஆரம் ஏறத்தாழ 61 மில்லிமீட்டர் வரும். அரை மில்லிமீட்டர் இறக்கம் அங்கே கேமில் சுமார் அரை டிகிரி, கிராங்க் கணக்கில் சுமார் ஒரு டிகிரி ரிடார்டாக மாறுகிறது. இதைப் பெல்ட்டில் ஒரு பல் தள்ளிப் போட்டுச் சரிசெய்ய முடியாது. 48 பல்லில் ஒரு பல் என்பது கேமில் 7.5 டிகிரி, கிராங்க்கில் 15 டிகிரி. இப்படிப்பட்ட சிறு விலகலைச் சரிக்கட்டுவதே இந்தக் கியரின் முதல் வேலை. பவர் தேடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். டாப்பெட் கிளியரன்ஸை (கேமுக்கும் வால்வைத் தள்ளும் டாப்பெட்டுக்கும் இடையிலான இடைவெளியை) சரியாக வைத்துவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். கிராங்க் முனையில் டிகிரி தகட்டைப் பொருத்தி, முதல் சிலிண்டரில் பிஸ்டன் ஸ்டாப் வைத்து, இரு திசையிலும் மெதுவாகத் திருப்பி, அது முட்டும் இரண்டு இடங்களின் நடுவைக் கொண்டு உண்மையான டி.டி.சி.யை, அதாவது பிஸ்டனின் உச்ச நிலையைக் கண்டுபிடியுங்கள். பிஸ்டன் உச்சியில் சில டிகிரிகளுக்கு அசையாமல் நிற்பதுபோல் தோன்றுமாதலால், கண்ணால் பார்த்தோ ஸ்க்ரூடிரைவர் விட்டோ அந்த இடத்தைத் துல்லியமாகப் பிடிக்க இயலாது. அடுத்து பிஸ்டன் ஸ்டாப்பைக் கழற்றிவிட்டு, நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜின் முனையை இன்டேக் டாப்பெட்டின் மேல் நிறுத்தி, இன்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையில் மட்டுமே கையால் திருப்புங்கள். முழு லிஃப்ட்டுக்கு (வால்வு திறக்கும் உச்ச அளவுக்கு) 1 மில்லிமீட்டர் குறைவாக இருக்கும் இடம் ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது ஒன்றுமாக இரண்டு முறை வரும். அவை டி.டி.சி.க்குப் பின் 84, 140 டிகிரிகளில் வந்தால், நடுவான 112 டிகிரிதான் உங்கள் இன்டேக் கேமின் உச்சம். கேம் தயாரித்தவர் தந்த அட்டையில் 108 என்று போட்டிருந்தால், பூஜ்ஜியக் கோட்டில் நின்றபடியே உங்கள் கேம் 4 டிகிரி ரிடார்டில் இருக்கிறது. ஸ்கிம்மிங் ஒரு பங்கு, கேம் அரைப்பிலும் கியரை ஷாஃப்ட்டோடு பூட்டும் சாவிக்காடியிலும் உள்ள சிறு வித்தியாசங்கள் ஒரு பங்கு என்று இந்த 4 டிகிரி சேர்ந்திருக்கலாம். எக்ஸாஸ்ட் கேமையும் இதேபோல் அளக்க வேண்டும். அதன் உச்சம் டி.டி.சி.க்கு முன்னால் எண்ணப்படும்.

இன்டேக் கேம் பின்தங்கினால் வால்வு தாமதமாக மூடும். குறைந்த வேகத்தில், சிலிண்டருக்குள் வந்த காற்றில் ஒரு பகுதியை மேலேறும் பிஸ்டன் திரும்ப வெளியே தள்ளிவிடும். உங்கள் 3500-க்குக் கீழான இழுவை அங்கேதான் போகிறது. இரண்டு கேம்களையும் அட்டையில் உள்ள எண்ணுக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் ஐட்லிங் தடுமாறினால், எக்ஸாஸ்ட்டை 2 டிகிரி அட்வான்ஸ் செய்து ஓவர்லாப்பைக் குறைக்கலாம். ஆனாலும் நீண்ட டியூரேஷன் கேம்களில் பழைய ஸ்டாக் கேம்களின் ஐட்லிங்கை முழுதாக எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: கியரில் பொறித்திருக்கும் டிகிரி, கேம் டிகிரியா கிராங்க் டிகிரியா?

பதில்: சில நிறுவனங்கள் ஒன்றையும் சில மற்றொன்றையும் பொறிக்கின்றன. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஒரு சுற்றுத்தான் சுற்றுகிறது என்பதால், தவறாக எடுத்துக்கொண்டால் நீங்கள் நினைத்ததில் இரு மடங்கோ பாதியோதான் நகர்ந்திருக்கும். ஒரு கோடு நகர்த்திவிட்டு டிகிரி தகட்டில் கேமின் உச்சத்தை மறுபடி அளந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். இந்தப் பக்கங்களில் நான் குறிப்பிட்டுச் சொன்னாலொழிய, டிகிரி என்றால் கிராங்க் டிகிரியே.

கேள்வி: கேமைத் திருப்பும்போது வால்வு பிஸ்டனில் இடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும்?

பதில்: பயம் நியாயமானதே, உங்கள் இன்ஜினில் பெல்ட் அறுந்தாலே வால்வு வளைந்துவிடும் என்றால் கூடுதல் நியாயம். பொதுவாகப் பின்பற்றப்படும் குறைந்தபட்ச அளவு இன்டேக்குக்கு 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டுக்கு 2.5 மில்லிமீட்டர். எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடாகி நீள்வதாலும், உயர் வேகத்தில் ஸ்பிரிங் சற்றுத் தளர்ந்தால் மேலேறும் பிஸ்டன் மூடிக்கொண்டிருக்கும் எக்ஸாஸ்ட் வால்வை எட்டிப் பிடித்துவிடக்கூடும் என்பதாலும் அதற்குக் கூடுதல் இடம் விடுகிறார்கள். டி.டி.சி.க்கு முன்னும் பின்னும் சுமார் 10 டிகிரி அளவில்தான் இடைவெளி மிகக் குறுகும். எக்ஸாஸ்ட்டுக்கு முன்னால், இன்டேக்குக்குப் பின்னால். இன்டேக்கை அட்வான்ஸ் செய்வதும் எக்ஸாஸ்ட்டை ரிடார்ட் செய்வதுமே ஆபத்தான திசைகள். எதிர்த் திசைகளில் இடைவெளி கூடும்.

ஹெட்டைக் கழற்றியிருக்கும்போது பிஸ்டன் மேல் மாடலிங் களிமண் வைத்து, பழைய கேஸ்கெட்டுடன் ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு முழுச் சுற்றுத் திருப்பி, களிமண்ணைக் குறுக்கே வெட்டி மிக மெல்லிய இடத்தை அளப்பது பழகிய முறை. எண்ணெயால் இயங்கும் ஹைட்ராலிக் டாப்பெட் உள்ள இன்ஜினில் இந்த அளவு ஏமாற்றும். எண்ணெய் அழுத்தம் இல்லாமல் டாப்பெட் அமுங்கிக்கொள்வதால், இல்லாத இடைவெளி இருப்பதாகத் தெரியும். சோதனைக்கு மட்டும் அதற்குப் பதில் அமுங்காத டாப்பெட்டைப் போட வேண்டும். எந்த முறையானாலும், நீங்கள் வைக்க நினைக்கும் கடைசி டிகிரியில் கியரை நிறுத்தித்தான் அளக்க வேண்டும். பூஜ்ஜியத்தில் அளந்துவிட்டுப் பிறகு டைனோவில் (இன்ஜினின் பவரை அளக்கும் கருவியில்) 6 டிகிரி நகர்த்துவதில் பயனில்லை. கையால் சுற்றும்போது திடீரென்று கெட்டியாக நின்றால், நீண்ட ஸ்பேனர் போட்டு அழுத்தாதீர்கள்.

கேள்வி: டைனோவில் கேம் கியர் டியூன் செய்ய எந்த வரிசையில் போக வேண்டும்? எனக்கு முடிவாகக் கிடைத்த காகிதத்தில் உச்ச பவர் கூடியிருக்கிறது. ஓட்டினால் வண்டி முன்பைவிட மந்தமாக இருக்கிறது.

பதில்: இரண்டாவது வாக்கியத்திலேயே காரணம் இருக்கிறது, உங்களுக்கு டியூன் செய்தவர் டைனோ வரைந்த பவர் கோட்டின் உச்சியை மட்டும் பார்த்திருக்கிறார். கேம் கியர் இன்ஜினுக்குப் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை; இருக்கும் டார்க்கை (சுழற்றும் விசையை) ஆர்.பி.எம். அளவுகோலில் இடம் மாற்றி வைக்கிறது. இன்டேக்கை ரிடார்ட் செய்தால் மேலே கூடும், கீழே குறையும். நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும்; அதே 5 நியூட்டன் மீட்டர் 7000-இல் 3.7 கிலோவாட்டாகவும் 3000-இல் 1.6 கிலோவாட்டாகவும் காகிதத்தில் தெரியும். எனவே கீழே இழந்தது சிறிதாகவும் மேலே பெற்றது பெரிதாகவும் கண்ணுக்குப் படுகிறது.

கியர் மாற்றும்போது ஆர்.பி.எம். எங்கே விழுகிறது என்று பார்த்து, அந்தப் பரப்புக்குத்தான் டியூன் செய்ய வேண்டும். 1.90 விகிதத்திலிருந்து 1.36-க்கு 7500-இல் மாற்றினால், ஊசி ஏறத்தாழ 5400-க்கு இறங்கும். பந்தயத்தில் ஓடும் வண்டிக்கு 5400 முதல் 7500 வரை கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு கூடினால் போதும். அன்றாடம் ஓட்டுகிற வண்டிக்கு 2000 முதல் 5000 வரைதான் வாழ்க்கை.

வரிசை இதுதான்: எதையும் தொடாமல் முதல் ஓட்டத்தை இரண்டு மூன்று முறை எடுத்து, கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா என்று பாருங்கள். அவற்றுக்கிடையிலேயே வித்தியாசம் இருந்தால், 2 டிகிரி மாற்றத்தின் பலனை அந்த டைனோவில் கண்டறிய முடியாது. ஒவ்வொரு ஓட்டமும் ஒரே கியரில், கூலன்ட், எண்ணெய், உள்ளே வரும் காற்று ஆகியவற்றின் வெப்பம் ஒரே அளவுக்கு வந்த பிறகே தொடங்க வேண்டும். பிறகு இன்டேக்கை மட்டும் 2 டிகிரி, ஒரு பக்கம், அதன்பின் மறுபக்கம். நல்ல இடம் தெரிந்ததும் அதை அங்கேயே நிறுத்தி, எக்ஸாஸ்ட்டை அதேபோல். எக்ஸாஸ்ட் நகர்ந்ததும் இன்டேக்கின் நல்ல இடமும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது. இரண்டையும் ஒரே நேரத்தில் நகர்த்தி நேரம் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள், எது எதைச் செய்தது என்று தெரியாமலேயே வீடு திரும்புகிறார்கள். கடைசியில் முதல் செட்டிங்குக்கே போய் ஒரு ஓட்டம் எடுத்துப் பாருங்கள். அது காலையில் வந்த கோட்டோடு பொருந்தாவிட்டால், நடுவில் கிடைத்த லாபத்தில் ஒரு பகுதி வெப்பத்தின் விளையாட்டு.

கேள்வி: டர்போ இன்ஜினுக்கும் இதே விதிகளா?

பதில்: அளக்கும் முறை ஒன்றே, ஓவர்லாப் விஷயத்தில் மட்டும் கணக்கு மாறும். டர்பைனுக்கு (புகை சுழற்றும் டர்போவின் சக்கரத்துக்கு) முன்னால் எக்ஸாஸ்ட் அழுத்தம் இன்டேக் அழுத்தத்தைவிட அதிகமாக இருந்தால், ஓவர்லாப் நேரத்தில் எரிந்த புகை உள்ளே திரும்பி, புதிய காற்றின் இடத்தைப் பிடித்து, நாக்கிங்கையும் (கலவை தானாக வெடித்துத் தட்டுவதையும்) தூண்டும். சிறிய டர்போக்களை உச்ச வேகத்தில் விரட்டும்போது இதுவே நிலை. ஓவர்லாப்பைக் குறைக்கும் திசையில்தான் அங்கே தொடங்க வேண்டும். இரண்டு அழுத்தத்தையும் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டால் ஊகத்துக்கு இடமில்லை.

கேள்வி: இன்டேக்கை 4 டிகிரி அட்வான்ஸ் செய்ததும் மேட்டில் ஏறும்போது நாக்கிங் சத்தம் வருகிறது. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த பழைய இன்ஜின். கேம் கியரைப் பழையபடி வைத்துவிடட்டுமா?

பதில்: அவசரம் வேண்டாம். உங்கள் டிஸ்ட்ரிபியூட்டர் இன்டேக் கேம்ஷாஃப்ட்டின் முனையில் ஓடுகிறது என்றால், கேமை 4 டிகிரி அட்வான்ஸ் செய்தபோது இக்னிஷனும் அதே 4 டிகிரி முன்னால் போயிருக்கும். அதோடு, வால்வு முன்னதாக மூடுவதால் குறைந்த வேகத்தில் சிலிண்டர் அழுத்தமும் கூடியிருக்கும். டைமிங் லைட்டை வைத்து இக்னிஷனை முதலில் பழைய எண்ணுக்கே கொண்டுவாருங்கள். சத்தம் மிச்சமிருந்தால் மேலும் ஓரிரு டிகிரி குறையுங்கள். இன்டேக் வாக்குவமும் மாறியிருக்கும் என்பதால் கலவையைச் சரிபார்ப்பதும் அவசியம். கம்ப்யூட்டர் உள்ள இன்ஜின்களில் கேம் சென்சாரின் பல் கேம்ஷாஃப்ட்டோடு சேர்ந்து நகர்வதால், கிராங்க் சென்சாரோடு பொருத்தம் தவறி எச்சரிக்கை விளக்கு எரியலாம். அவற்றில் டியூனிங் மென்பொருளிலும் அந்த மாற்றத்தைச் சொல்லியாக வேண்டும். வேலை முடிந்ததும் கியரின் சிறு போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கி, வெளிவட்டத்துக்கும் உள்பகுதிக்கும் குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்தக் கோடு உடைந்து தெரிந்தால் கியர் நழுவியிருக்கிறது.