வாசகர் கேள்வி பதில்: பழைய சீசாக்களும் படத் தபால் அட்டைகளும்

கேள்வி: அகன்ற வாயுள்ள பழைய கண்ணாடி ஜாடி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் பக்கவாட்டில் காப்புரிமை என்ற சொல்லும், 1858 நவம்பர் 30 என்ற தேதியும் ஆங்கிலத்தில் புடைப்பெழுத்தாக உள்ளன. ஜாடி அந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள முடியாது. திருகு மூடி பொருந்துவதற்காக வாயில் மரையிட்ட ஜாடிக்கு ஜான் லாண்டிஸ் மேசன் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற நாள் அது. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகும் பல தொழிற்சாலைகள் அதே தேதியைத் தங்கள் ஜாடிகளில் பொறித்துக்கொண்டே இருந்தன. இருபதாம் நூற்றாண்டில் செய்யப்பட்ட ஜாடிகளிலும் அதைக் காணலாம். வேறு சீசாக்களில் காணப்படும் ஆண்டு, நிறுவனம் தொடங்கிய ஆண்டாகவோ, கண்காட்சியில் பதக்கம் பெற்ற ஆண்டாகவோகூட இருக்கும். ஆகவே எழுத்தை நம்புவதற்கு முன், அந்தக் கண்ணாடி எப்படி உருவாக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

முதலில் ஜாடியின் வாய் விளிம்பைக் கவனமாக விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பின் மேற்புறம் தேய்த்த கண்ணாடியைப் போல மங்கலாகவும் சொரசொரப்பாகவும் இருந்தால், ஒருவர் வாயால் ஊதி அச்சில் உருவாக்கிய பின், மேலே மிஞ்சிய கண்ணாடியை உடைத்தெடுத்து, அந்த இடத்தைச் சாணை பிடித்துச் சமப்படுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். விளிம்பு வழவழப்பாக இருந்து, பக்கவாட்டில் ஏறிவரும் அச்சுக் கோடு விளிம்பின் உச்சியையும் கடந்து சென்றால், அது இயந்திரம் செய்த ஜாடி.

குறுகிய கழுத்துள்ள சீசாக்களுக்கும் இந்தக் கோடுதான் முதல் சாட்சி. இரண்டு பாதிகளாகப் பிரியும் அச்சுக்குள் ஊதப்படும் சீசாவில், அந்தப் பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு விழும். கையால் செய்யும் முறையில், கழுத்தின் உச்சியில் தனியாகக் கண்ணாடியைச் சுற்றியோ, கழுத்தையே மறுபடி சூடாக்கிக் கருவியால் திருகியோ உதட்டை அமைத்தார்கள். அதனால் கோடு உதட்டுக்குக் கீழேயே மறைந்துவிடும். 1903-இல் மைக்கேல் ஓவன்ஸ் முழுத் தானியங்கி இயந்திரத்தை உருவாக்கிய பின் உதடும் அச்சுக்குள்ளேயே உருவானது. அந்த இயந்திரம் உருகிய கண்ணாடியை அச்சுக்குள் உறிஞ்சி இழுத்து வெட்டியதால், சீசாவின் அடியில் மையம் சற்று விலகி, ஓரம் பிசிறிய ஒரு வட்டத் தழும்பு பதிந்தது. அதைக் கண்டால், சீசா 1903-க்கு முந்தியதல்ல என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் கோடு உதட்டுக்குக் கீழே நின்றுவிட்டது என்பதற்காக, சீசா 1903-க்கு முந்தியது என்று முடிவு கட்டக் கூடாது. சிறிய தொழிற்சாலைகள் பலவற்றில் கைவேலை வெகுகாலம் தொடர்ந்தது. அகன்ற வாய் ஜாடிகளில் நிலைமை இதற்கு நேர்மாறானது: அவற்றுக்கான அரைத் தானியங்கி இயந்திரங்கள் 1890-களிலேயே புழக்கத்தில் இருந்தன.

ஒரு பொருளில் காணப்படும் அடையாளங்களில் எது மிகவும் பிந்தியதோ, அதுவே அதன் காலத்தைத் தீர்மானிக்கிறது. பத்துப் பழைய அடையாளங்களுக்கு நடுவே புதிய அடையாளம் ஒன்றே ஒன்று இருந்தாலும், அந்த ஒன்றுக்குத்தான் நாம் கட்டுப்பட வேண்டும்.

கேள்வி: என் சீசாவில் எந்த இடத்திலும் கோடே இல்லை. அப்படியானால் அது அச்சு இல்லாத காலத்தைச் சேர்ந்ததா?

பதில்: இருக்கலாம், ஆனால் அவசரப்பட வேண்டாம். அச்சின் உட்புறத்தில் பசை போன்ற பூச்சைப் பூசி நனைத்து, உள்ளே ஊதிய சீசாவைச் சுழற்றிக் கோட்டை அழிக்கும் முறை ஒன்று, குறிப்பாகத் திராட்சை மது சீசாக்களுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவலாக இருந்தது. அத்தகைய சீசாவை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால், உடலைச் சுற்றிக் கிடைமட்டமாக மெல்லிய வளையக் கீறல்கள் தெரியும். அச்சே இல்லாமல் ஊதிய சீசாவிலோ வடிவம் கொஞ்சம் கோணலாக இருக்கும். அதன் அடியின் நடுவில், இரும்புக் கோலை ஒட்டிப் பிடித்துப் பிறகு உடைத்தெடுத்த கரடுமுரடான தழும்பும் பெரும்பாலும் இருக்கும். சாதாரணப் பயன்பாட்டுச் சீசாக்களில் இந்தத் தழும்பு 1860-களுக்குப் பிறகு அரிதாகிவிட்டது. ஆனாலும் இன்றைய கைவினைக் கலைஞர்கள் அதே முறையில் வேலை செய்வதால், தழும்பை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள்.

கேள்வி: ஊதா நிறச் சீசாக்கள் மிகப் பழையவை என்கிறார்களே?

பதில்: மணலில் உள்ள இரும்பு கண்ணாடிக்குப் பச்சைச் சாயலைத் தரும். அதைப் போக்கித் தெளிவாக்குவதற்காக மாங்கனீசு சேர்த்தார்கள். அப்படிச் செய்த கண்ணாடி நெடுங்காலம் வெயிலில் கிடந்தால் புற ஊதாக் கதிரால் இளம் ஊதாவாக மாறும். இந்த வழக்கம் ஏறத்தாழ 1880 முதல் 1920 வரை மிகுந்திருந்தது. கதிர்வீச்சுக்கு உட்படுத்திச் செயற்கையாக அடர் ஊதாவாக்கிய சீசாக்களும் விற்பனைக்கு வருவதால், கண்ணைப் பறிக்கும் ஊதாவைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள். இயற்கையாக மாறிய நிறம் பெரும்பாலும் மென்மையாகவே இருக்கும்.

கேள்வி: கோலி சோடா பாட்டிலின் வயதை எப்படிக் கணிப்பது?

பதில்: இந்த பாட்டிலுக்கு ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் சோடா பாட்டில்களின் அடி முட்டை வடிவில் கூம்பியிருக்கும். நிற்க முடியாமல் படுத்தே கிடப்பதால் தக்கை எப்போதும் நனைந்து, உலர்ந்து சுருங்காமல், வாயுவை அடைத்து வைத்திருக்கும். காட் தக்கையையே விலக்கிவிட்டார். பாட்டிலைத் தலைகீழாக நிரப்பினால், வாயுவின் அழுத்தம் கோலியை வாயில் உள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கழுத்தின் ஒரு பக்கத்தில் இரண்டு குழிவுகள் இருப்பதைக் கவனியுங்கள். அந்தப் பக்கம் கீழே வரும்படி சாய்த்து ஊற்றினால் கோலி அங்கே தங்கி, வழியை அடைக்காமல் இருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்காத அமைப்பு இது.

இந்த வடிவத்தில் இன்றும் பாட்டில்கள் செய்யப்படுவதால், வடிவத்தை வைத்து வயதைச் சொல்ல முடியாது. உதட்டில் கைவேலையின் அடையாளம், கண்ணாடிக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகள், அடிப்பகுதியில் நெடுநாள் புழங்கித் தேய்ந்த தடம் ஆகியவற்றைச் சேர்த்துப் பாருங்கள். தேய்மானம் இயற்கையானது என்றால் தரையில் படும் வளையத்தில் மட்டும், வெவ்வேறு திசைகளில் ஓடும் நுண்கீறல்களாக இருக்கும். ஒரே திசையில் ஒழுங்காக ஓடினால் யாரோ உரசியிருக்கிறார்கள். சுருக்கங்கள் உள்ள உலோக மூடியைப் பொறுத்தவரை, அதை வில்லியம் பெயின்டர் உருவாக்கியது 1892-இல். அந்த மூடிக்கான உதடு உள்ள எந்த பாட்டிலும் அதற்கு முந்தியதல்ல.

கேள்வி: மண்ணில் கிடைத்த சீசாவில் படிந்துள்ள வெண்மை எவ்வளவு கழுவியும் போகவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அது அழுக்காக இல்லாமல் இருக்கலாம். ஈர மண்ணில் நெடுங்காலம் கிடக்கும்போது கண்ணாடியின் மேற்பரப்பில் உள்ள காரப் பொருள்கள் கரைந்து வெளியேறி, அந்தப் பரப்பே சிதைந்துவிடுகிறது. சில சமயம் வானவில் நிறத்தில் மின்னும் படலமாகவும் அது தோன்றும். கழுவிப் போக்கக்கூடியது அல்ல அது. வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பைக் கலந்து சில நாள் ஊறவிட்டு, மெல்லிய தூரிகையால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மணலைப் போட்டுக் குலுக்குவதும், கம்பி நாரால் தேய்ப்பதும், அமிலம் ஊற்றுவதும் வேண்டாம். காகித லேபிள் ஒட்டியிருந்தால் நீரே படக் கூடாது. உள்ளே பழைய மருந்தோ வேறு திரவமோ மிச்சமிருந்தால், மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கவே கூடாது.

கேள்வி: தேதியே இல்லாத படத் தபால் அட்டையின் காலத்தை எப்படி அறிவது? அதில் எங்கள் ஊர்த் தெரு ஒன்றின் படம் இருக்கிறது.

பதில்: ஓர் அட்டைக்கு மூன்று காலங்கள் உண்டு என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள்: படம் எடுக்கப்பட்ட காலம், அட்டை அச்சான காலம், அஞ்சலில் சென்ற காலம். அஞ்சல் முத்திரை மூன்றாவதை மட்டுமே சொல்லும். கடையில் பல ஆண்டு விற்காமல் கிடந்த அட்டையையும் ஒருவர் வாங்கி அனுப்பியிருக்கலாம்.

பிறகு அட்டையைத் திருப்பிப் பாருங்கள். தொடக்கத்தில் பின்புறம் முழுவதும் முகவரிக்கே உரியது. செய்தியைப் படம் இருக்கும் பக்கத்தில்தான் எழுத வேண்டும். என்னிடம் உள்ள ஓர் அட்டையில், பாலத்தின் படத்தைச் சுற்றியிருந்த வெற்றிடம் முழுவதும் நிரம்பிய பின், எழுதியவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பிடித்து, வானத்தின் மீதும் எறும்பு வரிசைபோல எழுதியிருக்கிறார். பின்புறத்தை நடுக்கோட்டால் பிரித்து, ஒரு பாதியைச் செய்திக்கு விடும் வழக்கத்தை பிரிட்டன் 1902-இலும், ஜெர்மனி 1905-இலும், அமெரிக்கா 1907-இலும் அனுமதித்தன. உங்கள் அட்டை எந்த நாட்டில் அஞ்சலிடப்பட்டதோ, அந்த நாட்டின் ஆண்டையே அளவுகோலாகக் கொள்ளுங்கள்.

அடுத்து, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை வானத்தின் மீது வைத்துப் பாருங்கள். ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்தில் அச்சான படம். புள்ளியே இல்லாமல் சாம்பல் நிறம் சீராகக் கரைந்து சென்றால், அது புகைப்படத் தாளிலேயே நேரடியாகப் பிரதி எடுத்த அட்டை. இத்தகையவற்றில் சில சமயம் ஒரு சில பிரதிகளே எடுக்கப்பட்டதால், உள்ளூர் வரலாற்றுக்கு இவை மிகவும் அரியவை. தெருவில் மின்கம்பம் உண்டா, கடைப் பலகையில் என்ன பெயர், எந்தக் கட்டடம் இன்னும் எழவில்லை என்பவற்றை ஊரின் பழைய வரைபடத்தோடும் கட்டடங்களின் கல்வெட்டுகளோடும் ஒப்பிட்டால், படம் எடுத்த காலம் சில ஆண்டுகளுக்குள் அகப்பட்டுவிடும்.

கேள்வி: புதிதாக அச்சிட்ட போலி அட்டைகளைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். தாளை வெண்மையாக்கும் ஒளிர் வேதிப்பொருள்கள் 1950 வாக்கில்தான் பரவலாகச் சேர்க்கப்பட்டன. அவை கலந்த தாள் பளிச்சென நீல வெண்மையாக ஒளிரும். ஒளிராத தாள் எல்லாம் பழையது என்று ஆகிவிடாது. ஆனால் 1910-ஐச் சேர்ந்தது என்று சொல்லி விற்கப்படும் அட்டையின் தாளே அப்படி ஒளிர்ந்தால் அதை வாங்காதீர்கள்.

கேள்வி: அட்டைகளை லேமினேட் செய்து வைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது, அதன் வெப்பமும் பசையும் திரும்பப் பெற முடியாத கேட்டை விளைவிக்கும். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறைகளில் வையுங்கள், பிவிசி உறைகளைத் தவிருங்கள். தபால்தலையைத் தனியே உரித்தெடுக்க வேண்டாம். தலையும் முத்திரையும் அட்டையோடு சேர்ந்திருந்தால்தான் அது எப்போது, எங்கிருந்து சென்றது என்று அடுத்தவரும் படித்தறிய முடியும். எங்கே, யாரிடமிருந்து கிடைத்தது என்பதைத் தனித்தாளில் பென்சிலால் எழுதி, அதே உறைக்குள் அட்டையின் பின்னால் வையுங்கள்.