திரும்பி வந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

மௌனப்படங்கள் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு ஸ்வீடன் இயக்குநர் விக்டர் ஷோஸ்ட்ரோமின் 'தி ஃபேண்டம் கேரியேஜ்' (1921) பார்த்தேன். மெதுவாக இருந்ததால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன். பிறகு இணையத்தில் தேடினால் ஷோஸ்ட்ரோம், நடிகர் லார்ஸ் ஹான்சன் எல்லாருமே ஹாலிவுட் போய், பேசும்படம் வந்ததும் ஆங்கிலம் வராமல் தோற்று ஊர் திரும்பியவர்கள் என்று தெரிகிறது. நடிகை கிரெட்டா கார்போ மட்டும் எப்படித் தப்பித்தார்? அழகுதான் காரணமா? அக்கால ஸ்வீடன் நடிகர்களின் படங்களில் ஒரு பத்து சொல்ல முடியுமா?

ர., திருநெல்வேலி

அன்புள்ள ர.,

நூறு வருஷத்துப் படத்தைத் தேடிப்பிடித்துப் பார்த்திருக்கிறீர்கள். அதற்கே என் வீட்டில் உங்களுக்கு ஒரு காபி உண்டு. ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்ததற்கு அந்தக் காபியில் சர்க்கரை கிடையாது. ஜூலியஸ் யான்சோன் என்ற ஒளிப்பதிவாளர், எடுத்த படச்சுருளையே திரும்பத் திரும்பக் கேமராவில் ஓட்டி, அந்தப் பேய்வண்டியை அதன்மேல் பதித்தார். கேமராவைச் சுற்றியது கையால். ஒவ்வொரு முறையும் கை ஒரே சீராகப் போகவேண்டும். அந்த வேகத்தைத்தான் நீங்கள் கட்டைவிரலால் மாற்றிவிட்டீர்கள்.

சரி, அதை விடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் குத்தியது 'தோற்று' என்ற சொல். யார் தோற்றார்கள்?

ஷோஸ்ட்ரோம் கைக்குழந்தையாகப் புரூக்ளினுக்குக் கொண்டுபோகப்பட்டவர். ஏழு வயதில் அம்மாவை இழந்தார். அவருக்கா ஆங்கிலம் வரவில்லை? 1923இல் அவர் ஹாலிவுட் போனதே இயக்குநராகத்தான். ஏழெட்டு வருஷம் இருந்தார், 'தி விண்ட்' மாதிரி ஒரு படம் எடுத்தார், 1930 வாக்கில் ஊருக்கு வந்துவிட்டார். இதற்குப் பெயர் தோல்வியா?

என் சித்தப்பா பம்பாயில் மில் வேலை பார்த்தார். ஒன்பது வருஷம் கழித்துத் திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்தார். "பம்பாய் ஒத்துக்கலையாமே" என்று டீக்கடையில் ஆரம்பித்தார்கள், அவர் சாகும்வரை நிறுத்தவில்லை. சித்தப்பா பதில் சொன்னதே இல்லை. சக்கரத்தைக் கவிழ்த்துச் சுழலவிட்டு, ரிம்மின் ஓரத்தில் சாக்பீஸை லேசாகப் பிடிப்பார். கோட்டம் உள்ள இடத்தில் மட்டும் வெள்ளைக்கோடு விழும். கம்பியைக் கால் சுற்று முறுக்கிவிட்டு மறுபடி சுழலவிடுவார். கோடு விழாமல் போகும்வரை எழுந்திருக்க மாட்டார். எங்கே வேலை செய்வது என்று அந்த மனிதர் முடிவுசெய்தார், அவ்வளவுதான். நமக்கு அது பொறுக்கவில்லை. போனவன் அங்கேயே இருக்கவேண்டும், இல்லையென்றால் தோற்றவன். இதே அளவுகோலைத்தான் ஸ்டாக்ஹோம் வரை தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

லார்ஸ் ஹான்சனை எடுத்துக்கொள்ளுங்கள். கார்போவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த 'கோஸ்டா பெர்லிங்' (1924) படத்தின் நாயகன் அவர்தான். ஹாலிவுட்டில் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' (1926) எடுக்கும்போது நாயகி லில்லியன் கிஷ் ஆங்கிலத்தில் பேச, இவர் எதிரே நின்று ஸ்வீடிஷில் பதில் சொன்னார். மௌனப்படம்தானே, யாருக்கு என்ன? படத்தில் பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒரே மொழி. ஹாலிவுட் முழுதாகப் பேச ஆரம்பிக்கும் முன்பே, 1928இல், ஹான்சன் ஊர் திரும்பி நாடக மேடைக்குப் போய்விட்டார்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்காவின் பெரிய நாடகாசிரியர் யூஜின் ஓ'நீல் தன் குடும்பக் கதையை ஒரு நாடகமாக எழுதி வைத்துவிட்டு 1953இல் இறந்துபோனார். அது உலகத்தில் முதன்முதலாக மேடையேறியது 1956 பிப்ரவரியில். நியூயார்க்கில் அல்ல, ஸ்டாக்ஹோமின் அரச நாடக அரங்கில், ஸ்வீடிஷ் மொழியில். நியூயார்க்குக்கு அது வந்தது அந்த வருஷம் நவம்பரில்தான். அதில் வரும் அப்பா, காசு கொட்டும் ஒரே வேஷத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுத் தன் திறமையை வீணாக்கிக்கொண்ட கிழட்டு நடிகர். அந்த வேஷத்தை உலகில் முதலில் கட்டியவர் நீங்கள் ஆங்கிலம் வராதவர் பட்டியலில் போட்ட லார்ஸ் ஹான்சன். ஓர் அமெரிக்கனின் ரணத்தை அமெரிக்கர்கள் பேசுவதற்கு முன்பே மேடையில் பேசிவிட்டார், தன் மொழியில். இந்தப் பத்தியை இன்னொரு தடவை படியுங்கள். மெதுவாக.

கார்போவின் அழகைப் பற்றி நான் எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர் முதலில் வாய்திறந்த 'அன்னா கிறிஸ்டி' (1930) கூட ஓ'நீல் நாடகம்தான். வேஷமே ஸ்வீடன்காரப் பெண். உச்சரிப்பு எப்படி இடைஞ்சலாகும்?

பத்துப் படப் பட்டியல் தரமாட்டேன். தந்தாலும் எத்தனை கிடைக்கும்? 1941 செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில், எளிதில் தீப்பிடிக்கும் பழைய நைட்ரேட் படச்சுருள்கள் இருந்த கிடங்கு வெடித்து எரிந்தது. ஷோஸ்ட்ரோம், அக்காலத்து இன்னொரு ஸ்வீடன் இயக்குநர் மௌரிட்ஸ் ஸ்டில்லர் இருவரின் நெகட்டிவ்களில் பெரும்பகுதி அதோடு போயிற்று.

இரண்டே இரண்டு இடம் சொல்கிறேன். நீங்கள் ஓட்டிப் பார்த்த படத்தில், சேவை இல்லத்துப் பெண் ராத்திரி முழுக்க உட்கார்ந்து அந்தக் குடிகாரனின் கிழிந்த கோட்டைத் தைத்து வைத்திருப்பாள். காலையில் அவள் முன்னாலேயே அந்த ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போடுவான். குடிகாரனாக நடித்ததும் ஷோஸ்ட்ரோம்தான். அப்போது அவர் வாயைப் பாருங்கள். பிறகு, இங்மார் பெர்க்மன் இயக்கத்தில் ஷோஸ்ட்ரோம் நடித்த 'வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்' (1957) படத்தின் கடைசி நிமிஷங்கள். 77 வயது. சாயங்காலம் சரியான நேரத்துக்கு வீட்டுக்குப் போய் விஸ்கியோடு உட்காரவேண்டும் என்று படப்பிடிப்பில் பெர்க்மனைப் படுத்தியெடுத்த கிழவர். தூரத்தில், தண்ணீர்க்கரையில் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாவைப் பார்க்கிறார். அதே வாய்தான்.

பார்த்துவிட்டு எழுதுங்கள். போனில் அந்த வேகப் பொத்தான் பக்கம் கை போகக்கூடாது.