கூரை திறக்கும் கார் வாங்கலாமா?

கேள்வி: பழைய கன்வர்ட்டிபிள் கார் ஒன்று பிடித்திருக்கிறது. துணிக்கூரை புதிதுபோல இருக்கிறது. வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கூரையை அப்புறம் பாருங்கள். முதலில் தரைவிரிப்பைத் தூக்கி, அடியிலுள்ள பஞ்சை விரலால் அழுத்துங்கள். என் முதல் காரில் மேலே காய்ந்துதான் இருந்தது. அழுத்தியதும் பழுப்புத் தண்ணீர் கசிந்தது. கூரை மடியும் இடத்தின் ஓரத்தில் நீர் வடியும் துளைகள் இருக்கும். அவை சருகும் மண்ணும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் மழைநீர் உள்ளேதான் இறங்கும். மேலே இரும்புக்கூரை இல்லாத வண்டிக்குக் கதவுக்குக் கீழுள்ள பக்கச் சட்டம்தான் பெரும் பலம். அங்கே துரு அரித்திருந்தால், எவ்வளவு ஆசை இருந்தாலும் விட்டுவிடுங்கள். சரி, இனி கூரை. என்ஜினை ஓடவிட்டு மூன்று முறை முழுதாகத் திறந்து மூடுங்கள். பாதியில் திணறினால், எண்ணெய் அழுத்தத்தால் கூரையை நகர்த்தும் ஹைட்ராலிக் பம்பில் எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள்.