கேள்வி – பதில்: கெட்டிஸ்பர்க்கா, விக்ஸ்பர்க்கா?

கே: அமெரிக்க உள்நாட்டுப் போரின் திருப்புமுனை கெட்டிஸ்பர்க் என்றே வழிகாட்டிகளில் இருக்கிறது. அப்படியே எழுதலாமா?
– போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், கிருஷ்ணகிரி

ப: மதிப்பெண் முக்கியமென்றால் எழுதிவிடுங்கள். எங்களைக் கேட்டால் மிசிசிப்பி ஆற்றங்கரை ஊரான விக்ஸ்பர்க் என்போம். கெட்டிஸ்பர்க்கில் 1863 ஜூலை 1 முதல் 3 வரை இறந்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் என இரு தரப்பிலும் சுமார் 51,000 பேர். தெற்கு என்பது அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன மாநிலங்கள்; வடக்கு, அவற்றைப் பிரிய விடாத அமெரிக்க அரசு. தெற்கின் தளபதி லீ தன் படையில் மூன்றில் ஒரு பங்கை இழந்தார். ஆனாலும் படை கலையவில்லை. வர்ஜீனியாவுக்குத் திரும்பி, ஏறக்குறைய இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தது. விக்ஸ்பர்க்கில் ஜூலை 4 அன்று 29,000 பேர் கொண்ட ஒரு படையே மொத்தமாகச் சரணடைந்தது. ஐந்து நாளில் கீழே போர்ட் ஹட்சனும் விழ, மிசிசிப்பி ஆறு முழுக்க வடக்கின் கையில். மேற்கே இருந்த டெக்சாஸும் ஆர்கன்சாவும் தெற்கிலிருந்து துண்டாயின.

உங்கள் ஊர் மலையை நினைத்துக்கொள்ளுங்கள். 1791 நவம்பரில் மாக்ஸ்வெல்லின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அடிவாரப் பேட்டையைப் பிடித்தது. மலைக்கோட்டையில் ஏற முடியாமல் திரும்பியது. விக்ஸ்பர்க்கும் ஆற்றுக்கு மேல் 200 அடி மேட்டில் பீரங்கிகளோடு உட்கார்ந்திருந்த ஊர். வடக்கின் கிராண்ட் நேரே ஏறவில்லை. ஏப்ரல் 16 இரவில் கப்பல்களைப் பீரங்கிகளுக்கு அடியிலேயே ஓட்டித் தெற்கே கொண்டுபோனார். படை மேற்குக் கரையில் நடந்தே இறங்கி, 30ஆம் தேதி புரூயின்ஸ்பர்க்கில் ஆற்றைக் கடந்தது. பிறகு ஊருக்கு வராமல் கிழக்கே போய், ரயில் வந்து சேரும் ஜாக்சனை மே 14இல் பிடித்து, அங்கிருந்து திரும்பி முதுகுப் பக்கமாக வந்தார்.

அதன் பிறகு அவரும் அவசரப்பட்டார். மே 19, 22 இரு நாளும் நேரடியாக ஏறிப் பார்த்ததில், இரண்டாம் நாள் மட்டும் 3,000 பேருக்கு மேல் சேதம். அப்புறம்தான் மண்வெட்டியை எடுத்துப் பள்ளம் வெட்டி முற்றுகையிட்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்குத் தட்டைப்பயற்று மாவில் ரொட்டி. எவ்வளவு சுட்டாலும் மேலே கல்லாகும், நடுவில் பச்சையாகவே இருக்கும். கடைசியில் கோவேறு கழுதைக் கறி. 47 நாளில் கோட்டை விழுந்தது.

கே: அந்தப் போர்க் காலத்துத் துப்பாக்கி நம் ஊர்ப்பக்கம் இருக்கும் நாட்டுத் துப்பாக்கி மாதிரியா?
– பென்னாகரம் வாசகர்

ப: மருந்து கெட்டிக்கிற விதம் ஏறக்குறைய அதேதான். காகிதப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, 60 கிரெய்ன், அதாவது 4 கிராமுக்குச் சற்றுக் குறைவான கரிமருந்தைக் குழல் வாயில் கொட்டுவார்கள். மேலே குண்டை வைத்துக் கம்பியால் இடித்து, கம்பியை உருவி, சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து, குழலின் பின்பக்கம் முலைக்காம்பு போலிருக்கும் முனையில் கேப்பு (சுத்தியல் அடித்ததும் தீப்பொறி தரும் சின்ன மூடி) மாட்டிச் சுட வேண்டும். பழகிய கைக்கு நிமிஷத்துக்கு மூன்று குண்டு.

வித்தியாசம் குண்டில். மினியே குண்டின் அடி குழிவாக இருக்கும். வெடித்ததும் அந்த ஓரம் விரிந்து, குழலுக்குள் சுருளாக வெட்டியிருக்கும் வரியைக் கவ்வும். சுழன்று போவதால் குண்டு தூரமாகவும் நேராகவும் போகும்.

கோளாறு எங்கே வரும் என்றால், கேப்பு மறந்துபோவதில். பக்கத்தில் நூறு துப்பாக்கி வெடிக்கும்போது தன்னுடையது வெடித்ததா என்று காதுக்குத் தெரியாது. வெடித்துவிட்டதாக நினைத்து மேலே இன்னொரு தோட்டா இடிப்பான். கெட்டிஸ்பர்க் களத்தில் பொறுக்கிய 27,000க்கும் அதிகமான துப்பாக்கிகளில் சுமார் 24,000 மருந்தோடு கிடந்தன. பாதிக்கு இரட்டைத் தோட்டா, சுமார் 6,000இல் மூன்று முதல் பத்து வரை. ஒன்றில் 23! கம்பியை உருவ மறந்து அதையும் சேர்த்துச் சுட்டவர்களும் உண்டு. அதன் பிறகு அந்தத் துப்பாக்கி வெறும் தடிதான்.

கே: சுருட்டால் ஒரு போர் மாறியதாமே?
– கல்லூரி மாணவி, பாலக்கோடு

ப: சுருட்டைச் சுற்றியிருந்த காகிதத்தால். 1862 செப்டம்பர் 13 அன்று மேரிலாந்தில் வடக்கு வீரர்கள் கண்டெடுத்த உறையில் மூன்று சுருட்டு. கூடவே லீ தன் படையை எப்படிப் பிரித்து அனுப்பியிருக்கிறார் என்ற உத்தரவு. இவ்வளவு கிடைத்தும் தளபதி மெக்லெல்லன் படையை நகர்த்த அடுத்த நாள் காலை வரை எடுத்துக்கொண்டார். செப்டம்பர் 17இல் ஆன்டீட்டம் ஓடைக்கரையில் ஒரே நாளில் சுமார் 22,700 பேர் சேதம். 12 அடி அகலப் பாலம் ஒன்றை மேட்டிலிருந்த தெற்கின் சில நூறு ஜார்ஜியா வீரர்கள் மூன்று மணி நேரம் மறித்தார்கள். வெற்றி தோல்வி இல்லாத சண்டைதான். ஆனால் லீ பின்வாங்கினார். வடக்கின் அதிபர் லிங்கனுக்கு அது போதும். ஐந்தே நாளில், அடிமை விடுதலைக்கான முன்னறிவிப்பை வெளியிட்டார். அதற்குப் பிறகு பிரிட்டன் தெற்கைத் தனி நாடாக அங்கீகரிப்பது கடினமாகிவிட்டது.

கே: தெற்கின் கதை எப்போது முடிந்தது?
– ஓசூர் வாசகர்

ப: ஏட்டில் 1865 ஏப்ரல் 9, அப்பமாட்டாக்ஸில் லீ சரணடைந்த நாள். நடப்பில் 1864 செப்டம்பர் 2, தெற்கின் முக்கிய நகரமான அட்லான்டா விழுந்தபோதே. நவம்பர் தேர்தலில் லிங்கன் தோற்றால் சமாதானம் பேசிக்கொள்ளலாம் என்பதுதான் தெற்கின் மிச்ச நம்பிக்கை. லிங்கன் ஜெயித்தார்.