கிடார் கேள்வி-பதில்: டிலே பெடல் சிறப்புப் பகுதி

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டிஜிட்டல் டிலே பற்றியவை; வாசித்த ஒலியைச் சற்றுத் தாமதித்து எதிரொலியாகத் திருப்பித் தரும் பெடல் அது. அதனால் இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: சர்ச்சில் வாசிக்கிறேன். வொர்ஷிப் பாடல்களில் வரும் ‘டாட்டட் எய்த்’ (முக்கால் பீட்) டிலேயை 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 பீட்) முயன்றால் தாளத்தோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது. என் பெடலில் டேப் டெம்போ (தட்டிக் காட்டி வேகத்தைப் பதியும் வசதி) இல்லை, மில்லிசெகண்ட் காட்டும் திரையும் இல்லை.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: முதலில் கணக்கு. 60,000-ஐ பிபிஎம்மால் வகுத்தால் ஒரு பீட்டின் நீளம் மில்லிசெகண்டில் கிடைக்கும். 120-க்கு அது 500. டாட்டட் எய்த் அதில் முக்கால் பங்கு, அதாவது 375.

திரை இல்லாமலே இதைக் காதால் பிடிக்கலாம். மெட்ரோனோமை 160-இல் வையுங்கள். 160 பிபிஎம்மில் இரண்டு கிளிக்குகளுக்கு நடுவே இருப்பது சரியாக 375 மில்லிசெகண்ட். கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு, ஒரு கிளிக்கின் மேல் ஒரே ஒரு முறை அடியுங்கள். ரிப்பீட் (திரும்பி வரும் ஒலி) அடுத்த கிளிக்கின் மேல் விழும்வரை, தாமத நேரத்தை மாற்றும் டைம் நாபைத் திருப்புங்கள். இதைச் செய்யும்போது, எத்தனை ரிப்பீட் என்பதைத் தீர்மானிக்கும் ஃபீட்பேக்கைக் கூட்டி, நாலைந்து ரிப்பீட் கேட்கும்படி வைத்துக்கொள்வது முக்கியம். முதல் ரிப்பீட்டில் 10 மில்லிசெகண்ட் பிசகு இருந்தால் காதுக்குத் தெரியாது. நாலாவது ரிப்பீட்டில் அது 40 ஆகி, நன்றாகத் தெரிந்துவிடும். வேறு வேகப் பாடல்களுக்கு, பிபிஎம்மை 4-ஆல் பெருக்கி 3-ஆல் வகுங்கள்: 90-க்கு மெட்ரோனோம் 120, 72-க்கு 96.

நேரம் சரியாக அமைந்தும் குழப்பம் போகவில்லை என்றால், கோளாறு கையில் இருக்கிறது. இந்த முறைக்கு நீங்கள் வாசிக்க வேண்டியது சீரான எய்த் நோட்டுகள் (அரை பீட்டுக்கு ஒன்று) மட்டுமே: மில்லிசெகண்டில் 0, 250, 500, 750 என்று. அவற்றின் ரிப்பீட்டுகள் 375, 625, 875 என, நீங்கள் விட்ட இடைவெளிகளின் நட்டநடுவில் விழும். கேட்பவருக்கு 125 மில்லிசெகண்டுக்கு ஒரு ஸ்வரம், அதாவது ஓடும் பதினாறாம் பங்கு நோட்டுகள் கேட்கும். யூ2 குழுவின் தி எட்ஜ் வாசிப்பில் கேட்கும் ஓட்டம் பெரும்பாலும் இப்படி வருவதுதான். நீங்களே பதினாறாம் பங்கு நோட்டுகளை வாசித்தால் ரிப்பீட்டுகள் அவற்றின் மேலேயே விழுந்து கூழாகிவிடும். ஸ்ட்ரம்மிங்கும் இதற்கு ஆகாது. ஒற்றைக் கம்பி, அல்லது இரண்டு கம்பி போதும்.

எஃபெக்ட் லெவலை, முதல் ரிப்பீட் உங்கள் அடிக்கு ஒரு மயிரிழை மட்டும் குறைவாகக் கேட்கும்படி வையுங்கள். மற்ற டிலேக்களைப் போல அடக்கி வைத்தால் ஓட்டம் உடைந்துவிடும். ஃபீட்பேக்கை ஒன்று, அல்லது இரண்டு ரிப்பீட்டோடு நிறுத்துங்கள். இரண்டாவது ரிப்பீட் 750-இல், உங்கள் நாலாவது ஸ்வரத்தின் மேலேயே விழுவதால் தொந்தரவு இல்லை. அதற்கு மேல் போனால் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரத் தொகுப்பு) மாறிய பிறகும் பழைய கார்டு தொங்கிக்கொண்டிருக்கும்.

டிரம்மர் கிளிக் கேட்டு வாசிக்கிறாரா என்று பாருங்கள். அவர் 120-லிருந்து 116-க்கு இறங்கினால் தேவைப்படும் நேரம் 388 ஆகிவிடும். உங்கள் 375 ஒவ்வொரு அடியிலும் 13 மில்லிசெகண்ட் முந்திக்கொண்டு நிற்கும். கிளிக் இல்லாத குழுவில் டேப் டெம்போ உள்ள பெடல் ஆடம்பரமே அல்ல.

கேள்வி: 6/8 பாடல்களில் டேப் செய்தும் டிலே முட்டுகிறதே?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: நீங்கள் காலால் தட்டுவது பெரிய பீட்டை; அதற்குள் மூன்று எய்த் நோட்டுகள் இருக்கின்றன. பெடலோ வழக்கமான நிலையில் ஒரு தட்டை இரண்டாகத்தான் பிளக்கும். ‘எய்த்’ என்று தேர்ந்தெடுத்தால் மூன்றுக்கு நடுவே இரண்டு வந்து விழுகிறது, முட்டத்தான் செய்யும். மூன்றாகப் பிளக்கும் டிரிப்லெட் நிலைக்கு மாற்றுங்கள். பெரிய பீட் 60 பிபிஎம் என்றால் 1000 மில்லிசெகண்ட், அதில் மூன்றில் ஒரு பங்கு 333. இது பாடலின் எய்த் நோட்டோடு அப்படியே பொருந்தும். மெதுவான பாடலில் மூன்றில் இரண்டு பங்கான 667 இன்னும் அழகாக இருக்கும், அதையும் முயன்று பாருங்கள்.

கேள்வி: கிளீனில் (தெளிவான ஒலியில்) அருமையாக இருக்கும் டிலே, டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது) போட்டதும் இரைச்சலாகிவிடுகிறது. பெடல் பழுதா?
– வாசகர், மதுரை

பதில்: பெடல் நன்றாகத்தான் இருக்கிறது. டிஸ்டார்ஷனுக்கு முன்னால் டிலே இருப்பதுதான் காரணம். டிஸ்டார்ஷன் சின்ன ஒலியையும் பெரிய ஒலியையும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடும். தேய்ந்து மறைய வேண்டிய ரிப்பீட்டுகள் தேயாமல் நிற்கும். போதாததற்கு, புது ஸ்வரமும் பழைய ஸ்வரத்தின் ரிப்பீட்டும் ஒரே டிஸ்டார்ஷனுக்குள் ஒன்றாக நுழையும்போது, இரண்டிலும் இல்லாத புது அதிர்வெண்கள் பிறக்கின்றன. நீங்கள் கேட்கும் இரைச்சல் அதுதான்.

வரிசை இப்படி இருக்கட்டும்: கிடார், ட்யூனர், வா-வா பெடல், ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், கோரஸ், வால்யூம் பெடல், டிலே, ரிவெர்ப், ஆம்ப். வால்யூம் பெடல் டிலேக்கு முன்னால் இருந்தால், அதை மூடிய பிறகும் ரிப்பீட்டுகள் தானாகத் தேய்ந்து முடியும்.

டிஸ்டார்ஷன் ஆம்பிலிருந்தே வருகிறது என்றால் மேலே சொன்ன வரிசை மட்டும் உதவாது. ஆம்பின் பின்புறம் எஃபெக்ட்ஸ் லூப் (ஆம்பின் டிஸ்டார்ஷனுக்குப் பிறகு பெடலை இணைக்கும் செண்ட், ரிட்டர்ன் துளைகள்) இருக்கிறதா பாருங்கள். செண்டிலிருந்து டிலேயின் இன்புட், டிலேயின் அவுட்புட்டிலிருந்து ரிட்டர்ன். இங்கே இரண்டு இடங்களில் தவறு நேரும். ஒன்று, லூப்பின் லெவல் சில ஆம்ப்களில் மிக அதிகம். பெடலின் இன்புட் தாங்காமல் ‘கரகர’ என்று உடையும். லெவல் சுவிட்ச் இருந்தால் −10-இல் வையுங்கள். இரண்டு, சில ஆம்ப்களில் லூப் பேரலலாக இருக்கும்: மூல ஒலி ஆம்புக்குள்ளேயும் போகும், பெடல் வழியாகவும் வரும். பெடலுக்குள் மூல ஒலியும் டிஜிட்டலாக மாறி வந்தால் அது சற்றுத் தாமதமாகும். இரண்டும் சேரும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்து, டோன் உள்ளே வெறுமையாக ஒலிக்கும். பெடலில் மூல ஒலியை நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் போட்டு, அளவை ஆம்பின் மிக்ஸ் நாபில் வைத்துக்கொள்ளுங்கள்.

லூப்பே இல்லாத ஆம்ப் என்றால், ஆம்பைக் கிளீன் சேனலில் வைத்து டிஸ்டார்ஷனைப் பெடலிலிருந்து எடுப்பதே நல்லது.

கேள்வி: ரிப்பீட்டுகள் பாடகியின் சொற்களை மறைக்கின்றன. குறைத்தால் டிலே இருப்பதே தெரியவில்லை.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: லெவல் நாபைத் தொடாதீர்கள், டோனைத் தொடுங்கள். காந்த நாடாவில் பதிந்து எதிரொலி தரும் டேப் எக்கோவில் ஒவ்வொரு சுற்றிலும் உயர் அதிர்வெண்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அனலாக் டிலேயிலும் ரிப்பீட் மங்கலாகத்தான் வரும். காது அதைத் தானாகவே பின்னால் தள்ளிவிடும். டிஜிட்டலில் ரிப்பீட் ஏறக்குறைய மூல ஒலியின் தெளிவோடே திரும்புகிறது. 1983-இல் பாஸ் நிறுவனம் வெளியிட்ட டிடி-2 டிலே பெடல், 12 பிட் டிஜிட்டலில் 800 மில்லிசெகண்ட் வரை தந்தபோது அந்தத் தெளிவுதான் அதன் பெருமை. பாட்டுக்குப் பின்னால் வாசிக்கும்போது அதே தெளிவு இடைஞ்சலாகிறது.

மெய்யெழுத்துகளின் கூர்மை 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் இருக்கிறது. ரிப்பீட்டில் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டுங்கள். லோ கட் இருந்தால் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் வெட்டினால் பேஸ் கிடாருக்கு இடம் கிடைக்கும். டோன் நாப் இல்லாத பெடலில் ‘அனலாக்’ அல்லது ‘டேப்’ நிலையைத் தேர்ந்தெடுங்கள். ‘டக்கிங்’ வசதி இருந்தால் இன்னும் நல்லது: வாசிக்கும்போது ரிப்பீட் அடங்கியிருக்கும், நிறுத்தியதும் மேலெழும்பும்.

இவற்றை வீட்டில் தனியாக அமைக்காதீர்கள். முழுக் குழுவும் வாசிக்கும் ஒத்திகையில், அந்தச் சத்தத்திலேயே அமையுங்கள்.

கேள்வி: டிலே பெடலை இணைத்ததும் ‘கீ’ என்று மெல்லிய விசில் வருகிறது.
– வாசகர், சேலம்

பதில்: ஒரே அடாப்டரிலிருந்து பிரிப்பு வயரில் எல்லாப் பெடல்களுக்கும் மின்சாரம் கொடுக்கிறீர்கள் என்று ஊகிக்கிறோம். டிஜிட்டல் பெடலின் கிளாக் சத்தம் அந்தப் பொதுவான வயர் வழியாக ஓவர்டிரைவுக்குள் புகுந்து பெருகுகிறது. டிலேக்கு மட்டும் தனி அடாப்டர் கொடுத்துப் பாருங்கள். விசில் நின்றால் ஐசொலேட்டட் அவுட்புட் (ஒன்றோடொன்று தொடர்பில்லாத தனித்தனி முனைகள்) உள்ள பவர் சப்ளை வாங்குங்கள். வோல்ட் பெடலில் போட்டபடியே இருக்க வேண்டும், பெரும்பாலும் 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். மில்லிஆம்ப் மட்டும் அதிகமாக இருக்கலாம், குறையக் கூடாது. பெரிய டிலேக்கள் 300 மில்லிஆம்ப் வரை கேட்கும், 100 தரும் முனையில் செருகினால் அணைந்து அணைந்து எரியும்.

விசில் இல்லாமல் ‘ம்ம்ம்’ என்ற கனத்த இரைச்சல் என்றால் அது வேறு, எர்த் சம்பந்தப்பட்டது. அதற்காக ஆம்ப் பிளக்கின் எர்த் முனையை வெட்டாதீர்கள். உயிருக்கே ஆபத்து.

கேள்வி: பழைய ராக்கபில்லி ஒலிக்கு என்ன செட்டிங்?
– வாசகர், திருச்சி

பதில்: 1950-களில் மெம்ஃபிஸ் நகரின் சன் ஸ்டுடியோவில் இரண்டு டேப் இயந்திரங்களை வைத்து எடுத்த ஸ்லாப்பேக் (ஒரே ஒரு குறுகிய எதிரொலி) அது. 80 முதல் 140 மில்லிசெகண்டுக்குள் வையுங்கள், ஃபீட்பேக் பூஜ்யம், ஒரே ரிப்பீட், லெவல் பாதிக்குச் சற்றுக் கீழே, டோன் மங்கலாக. பாடல் வேகத்தோடு பொருத்த வேண்டியதில்லை. 40-க்குக் கீழே இறக்கினால் எதிரொலி தனியாகக் கேட்காது, மூல ஒலியோடு ஒட்டிக்கொள்ளும்.