1976: காகிதப் பூக்களின் ஆண்டு

கேள்வி: சீனாவின் நவீன வரலாற்றில் ஒரே ஓர் ஆண்டைச் சொல்லச் சொன்னால்?

பதில்: 1976. யோசிக்கவே மாட்டேன். ஜனவரி 8-ல் பிரதமர் சூ என்லாய் இறந்தார். ஏப்ரலில், முன்னோரை வணங்கும் சிங்மிங் நாளையொட்டி, பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் மக்கள் அவர் நினைவாகத் தாங்களாகவே மலர்வளையங்களைக் குவித்தார்கள். வெள்ளைக் காகிதத்தில் பூச்செய்து செடிகளில் கட்டினார்கள். கவிதை எழுதி ஒட்டினார்கள். அந்த வளையங்களை அரசு ஒரே இரவில் அள்ளிக்கொண்டு போனது. மறுநாள் சதுக்கமே கொதித்தது. என்னை இன்றும் உலுக்குவது அந்தக் காகிதப் பூக்கள்தான். அப்புறம் ஜூலை 28, விடிவதற்கு முன் டாங்ஷான் நிலநடுக்கம். அரசுக் கணக்கிலேயே 2,42,000 பேர் பலி. செப்டம்பர் 9-ல் மாவோ மறைவு. நான்கே வாரத்தில், அவர் மனைவி ஜியாங் சிங் உட்பட, கட்சியின் தீவிரப் போக்குத் தலைவர்கள் நால்வர் கொண்ட ‘நால்வர் குழு’ கைதானது. பழையதை ஒழிப்பதாகச் சொல்லி மாவோ தொடங்கிய பத்தாண்டு கலாச்சாரப் புரட்சி அதோடு முடிந்தது.