அப்பாவுக்கு வளையமா, ஊசியா? எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, கல்லீரல் சுருக்கம். போன மாதம் ரத்த வாந்தி எடுத்தார். உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்திருப்பதாகச் சொல்லி எண்டோஸ்கோபியில் வளையம் போட்டார்கள். இன்னும் சில தடவை போடணுமாம். வேறோர் இடத்தில் ஊசி மருந்திலேயே முடிக்கலாம், செலவு குறைவு என்கிறார்கள். இருப்பது 2 லட்ச ரூபாய் எஃப்.டி. மட்டும். உடைத்துவிடவா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: உடைக்காதீர்கள். ஊசிக்கும் மாறாதீர்கள்.

எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் பணக் கணக்கும் இங்கே வளையத்தின் பக்கமே நிற்கிறது. புடைத்த ரத்தக்குழாயை உறிஞ்சி இழுத்து, அடியில் சின்ன ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவார்கள். சில நாளில் அந்தப் பகுதி சுருங்கி உதிர்ந்துவிடும். ஊசி முறையில் ரத்தக்குழாயை இறுக்கும் மருந்தைச் செலுத்துவார்கள். அதில் புண், உணவுக்குழாய் சுருங்கிப் போவது போன்ற தொல்லைகள் அதிகம், தடவைகளும் கூடுதல். ஒரு தடவைக்கு மிச்சமாகும் பணம், ஒரே ஒரு அவசர அட்மிஷனில் போய்விடும். வளையம் உதிர்ந்த இடத்திலும் ரத்தம் கசியலாம் என்பதால் ஆம்புலன்ஸ், ரத்தம் என்று கொஞ்சம் பணம் கையில் இருக்கட்டும்.

அடுத்தடுத்த வளையங்கள் பெரும்பாலும் 2 முதல் 4 வார இடைவெளியில் வரும். மொத்தப் பணமும் ஒரே நாளில் தேவையில்லை. அதனால் எஃப்.டி.யின் மேல் ஓவர்டிராஃப்ட், அதாவது எஃப்.டி.யை ஈடாக வைத்துத் தேவைப்படும்போது எடுக்கும் கடன், கேளுங்கள். வைப்புத்தொகையில் சுமார் 90 சதவீதம் வரை தருவார்கள், வட்டி, எஃப்.டி. வட்டியைவிட 1, 2 சதவீதம்தான் கூடுதல், அதுவும் எடுத்த தொகைக்கு மட்டும். நகைக்கடையில் அடகு வைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. குடும்ப ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்குங்கள். மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டுக் கவுன்ட்டரில், இந்தச் சிகிச்சை அட்டையில் வருமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பக்கத்தில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இரைப்பை, குடல் பிரிவு இருக்கிறது, அங்கேயும் ஒரு தடவை காட்டலாம். புதிதாகத் தனியார் பாலிசி எடுத்தால், ஏற்கனவே உள்ள நோய்க்கு 3 வருடம் வரை காத்திருக்க வைப்பார்கள். இப்போதைக்கு அது உதவாது.

அப்புறம், புரோப்ரனலால் அல்லது கார்வெடிலால் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு நாளும் விடாதீர்கள். விலை மிகக் குறைவு, அடுத்த ரத்தக்கசிவைத் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. புடைத்த ரத்தக்குழாய்கள் அடங்கிய பிறகும் 3 முதல் 6 மாதத்துக்குள் ஒரு எண்டோஸ்கோபி, பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு வரும். மாதாமாதம் ஒரு தொகையை அதற்காக ஆர்.டி.யில் போட ஆரம்பியுங்கள்.